உத்திரத்தில் தொங்கிய சைக்கிள்

சிங்காரத்தைக் கீழ்த் தொழிற்சாலைக்கு ராத்திரி வேலைக்கு மாற்றியபோதே, இனி சைக்கிள் இல்லாமல் முடியாது என்று அவன் மனைவி ரஞ்சிதத்துக்குத் தெரிந்துவிட்டது. பகல் ஆட்களை ஏற்றிப் போக லோரி உண்டு. ராத்திரி ஆட்கள் தங்கள் பாட்டைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். ரிங்லெட் சீனர் கடையில் கறுப்பு நிறத்தில் ஒரு பழைய வண்டியைப் பார்த்து வாங்கி வந்தான். சாயந்தரம் இறக்கத்தில் மிதிக்காமலே போய்விடுவான். விடிந்து திரும்பும்போது பாதி மலைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் ஏறவேண்டும். தேயிலைத் தூசி ஒட்டிய சட்டையோடு வந்து, வண்டியை அஞ்சடியில் சுவரோடு சாய்த்துவிட்டு, ஒரு கோப்பி குடித்துப் படுத்துவிடுவான்.

வரிசையாக ஒட்டிக் கட்டின லயத்தில் எல்லா வீட்டுக்கும் முன்னால் ஓடுகிற ஒரே நடைதான் அஞ்சடி. அதில்தான் பிள்ளைகள் விளையாடும், துணி காயும், தண்ணிக்குழாய்க்குப் போகிறவர்கள் நடப்பார்கள். பக்கத்து வீட்டு மாடசாமிக்கு ஒரு கண்ணில் திரை விழுந்திருந்தது, மற்றதும் மங்கல். சுவரைக் கையால் தடவிக்கொண்டே நடந்து பழகியவர். ஒருநாள் காலையில் வாளியோடு குழாய்க்குப் போனவர், சுவர் இருக்க வேண்டிய இடத்தில் சைக்கிள் இருந்ததால் அதன்மேலேயே விழுந்தார்.

சத்தம் கேட்டு ரஞ்சிதம் ஓடி வந்தாள். மாடசாமி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாளித் தண்ணீர் அஞ்சடி முழுக்க ஓடியது.

"ஒண்ணுமில்ல தங்கச்சி, ஒண்ணுமில்ல" என்றார். கை வேறு திசையில் திரும்பியிருந்தது.

தானா ராத்தா ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். மாடசாமி யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் மனைவி மணியம்மாதான் சொன்னாள். சிங்காரத்திடம் அல்ல, ரஞ்சிதத்திடம். குழாயடியில், எல்லோரும் கேட்கிற மாதிரி.

"வாங்குறதுக்கு முன்னால எங்க வைக்கிறதுன்னு யோசிக்கணும்லா. இருக்கிற ஒரு கண்ணையும் வச்சிக்கிட்டு அந்த மனுசன் எப்படி நடப்பாரு?"

ரஞ்சிதம் குழாயை மூடினாள். குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அன்றைக்குத் தேயிலைக் கொழுந்து எடுக்கையில் மணியம்மா எதிர் நிரையில் இருந்தாள். நிமிர்ந்தே பார்க்கவில்லை.

மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில், ஆபீஸ் பெரிய கிராணி சிவசாமி, இனிமேல் அஞ்சடியில் ஒரு பொருளும் வைக்கக்கூடாது, வைத்தால் லோரியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போய்விடுவேன் என்று சொன்னார். சிங்காரத்தின் பேரைச் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோரும் ரஞ்சிதத்தைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அன்றிலிருந்து சைக்கிள் வீட்டுக்குள் வந்தது. வீடு என்பது ஒரு முன்னறையும் அதற்குப் பின்னால் அடுப்பு வைத்த குசினியும்தான். முன்னறையில் ஒரு பக்கம் பாய், ஒரு பக்கம் தொட்டில், நடுவில் சைக்கிள். சக்கரத்துச் செம்மண் சிமிந்தித் தரையில் கோடு போட்டது. குழந்தை ஜெயா அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தாள். எதைப் பார்த்தாலும் அதை நோக்கி ஒரே தவழாகப் போகிற வயசு. ஒருநாள் ரஞ்சிதம் அடுப்பில் சோற்றை வடித்துக்கொண்டிருக்கும்போது முன்னறையில் மிதி கரகரவென்று சுற்றும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் குழந்தையின் ஒரு கை மிதியில், இன்னொரு கை செயினில். இழுத்து எடுத்தாள். விரலில் கறுப்பு எண்ணெய் மட்டும்தான் இருந்தது. அதை முந்தானையால் துடைத்தாள். தூங்கிக்கொண்டிருந்த சிங்காரத்தை எழுப்பினாள்.

"இன்னொரு சுத்து சுத்தியிருந்தா விரலு போயிருக்கும். எங்கயாவது கொண்டுபோய் வைங்க. இந்தச் சனியன் வீட்டுக்குள்ள வேணாம்."

"எங்க வைக்கச் சொல்ற? தலையிலயா?"

"பின்னால வைங்க."

பின்னால் என்றால் குசினிக்கும் மலைச்சரிவுக்கும் இடையில் ஒரு ஆள் நடக்கிற அளவு இடம். மலையை வெட்டிக் கட்டிய லயம். வெட்டின மண் சுவராக நிற்கும். அதற்கு மேலே தேயிலை. சைக்கிள் நிற்க வேண்டுமானால் அந்த மண்ணைக் கொஞ்சம் உள்ளே குடைந்து, மேலே தகரம் போட வேண்டும். சரிவைத் தொடக்கூடாது என்பது எஸ்டேட்டில் பழைய சட்டம். சிங்காரத்துக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை பாதிப் பேர் ரிங்லெட் போயிருந்த நேரமாகப் பார்த்து, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பின்னால் போனான்.

ஒரு மணி நேரம் வெட்டியிருப்பான். ரஞ்சிதம் குசினி வாசலில் நின்று, யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். சக்கரம் நுழைகிற அளவுக்குக் குடைந்த பிறகு அவன் நிறுத்தினான்.

"இங்க வந்து பாரு."

வெட்டின இடத்தின் அடியில் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. ஊற்றுப் போல இல்லை. மண்ணே வேர்ப்பது போல. கையை வைத்தால் களிமண் வழவழவென்று ஒட்டியது.

"மூடிடுங்க" என்றாள் ரஞ்சிதம். ஏன் என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. "இப்பவே மூடிடுங்க."

வெட்டின மண்ணையே திரும்பத் தள்ளி, காலால் மிதித்து மூடினான். மேலே இரண்டு பழைய பலகையைச் சாய்த்து வைத்தான். யாரும் பார்க்கவில்லை.

அன்றைக்குச் சாயந்தரம் மாடசாமியே வந்தார். கழுத்தில் துணியைத் தூளியாகக் கட்டிக் கையைத் தொங்கப் போட்டிருந்தார். உள்ளே வரச் சொன்னார்கள். பாயில் உட்கார்ந்து, சைக்கிளைத் தொட்டுப் பார்த்தார்.

"இதுதான் என்னைத் தள்ளினவனா?" என்று சிரித்தார். சிங்காரத்தால் சிரிக்க முடியவில்லை.

"அண்ணே, மன்னிச்சுக்குங்க."

"அட விடு தம்பி. கீழ எடமில்லன்னு கவலப்படுற. மேல எடம் சும்மாதானே கெடக்கு? மேல தூக்கு."

மூவரும் அண்ணாந்து பார்த்தார்கள். உள்தட்டு அடிக்காத கூரை. தகரத்துக்குக் கீழே, லயத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை எல்லா வீட்டின் மேலும் ஓடுகிற ஒரே உத்திரம், முன் சுவரை அடுத்தாற்போல. புகை பிடித்துக் கறுத்திருந்தது.

"தாங்குமா?" என்றாள் ரஞ்சிதம்.

"கூரையையே தாங்குது" என்றார் மாடசாமி.

சிங்காரத்துக்கு அந்த யோசனை பிடித்துவிட்டது. அடுத்த நாளே ரிங்லெட் இரும்புக்கடைக்குப் போனான். கடைக்காரத் தவுக்கே முதலில் சுவரில் அறைகிற ஒரு கொக்கியைக் காட்டினார். முன்சக்கரத்தை மாட்டி வண்டியைச் செங்குத்தாகத் தொங்கவிடுவது. சிங்காரம் யோசித்துப் பார்த்தான். லயத்துச் சுவர் பலகைச் சுவர், அதில் அறைந்தால் நிற்காது. பின்சக்கரமும் குழந்தைக்கு எட்டும். அப்புறம் தவுக்கே இரண்டு கப்பிகளையும், மரத்தில் திருகி ஏற்றுகிற பெரிய கொக்கிகளையும் எடுத்துப் போட்டார். நைலான் கயிறு ஒரு சுருள். கயிற்றை இழுத்துப் பார்த்து, "இது லோரியில சாமான் கட்டுற கயிறு, யானையே தொங்கலாம்" என்றார் மலாயில்.

மாட்டுவதற்கு ஒரு பகல் முழுக்க ஆனது. உத்திரத்தில் முதலில் சிறு துளை போட்டான், மரம் பிளக்காமல் இருக்க. பிறகு கொக்கிகளைத் திருகி ஏற்றினான். ஒரு கயிறு சீட்டுக்கு, ஒரு கயிறு ஹேண்டிலுக்கு. இரண்டும் கப்பியில் ஏறி ஒன்றாக இறங்கி, கதவுக்குப் பக்கத்தில் அறைந்த இரண்டு ஆணிகளில் எட்டுப் போட்டுச் சுற்றியது. இழுத்தால் சைக்கிள் ஆடி ஆடி மேலே போய், முன் சுவருக்கு இணையாக, சன்னலுக்கு மேலே நின்றது. மிதிக்கும் சுவருக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி. தொட்டில் அறையின் அந்தப் பக்கம்.

"போதுமா?" என்றான்.

"அறுந்தா?"

சைக்கிளை இறக்கிவிட்டு, அந்தக் கயிறுகளைப் பிடித்து அவனே தொங்கிக் காட்டினான். உத்திரம் முனகவில்லை. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மாடசாமி, "என்ன, ஏத்தியாச்சா?" என்று கேட்டார்.

தரை காலியாகிவிட்டது. ஜெயா வேண்டியபடி தவழ்ந்தாள். மணியம்மாகூட ஒருநாள் எட்டிப் பார்த்து, "பரவால்லியே" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஆனாலும் ரஞ்சிதத்துக்கு நிம்மதி இல்லை. சன்னல் பக்கம் குழந்தை போனால் தூக்கி இந்தப் பக்கம் விடுவாள். வேலைக்குப் போகுமுன் மேலே பார்ப்பாள். வந்ததும் பார்ப்பாள். கையை உயர்த்தி, மிதிக்கும் சுவருக்கும் நடுவில் இரண்டு விரலை நுழைத்துப் பார்ப்பாள். வண்டி கொஞ்சமாவது இறங்கியிருந்தால் தெரிந்துவிடும் என்று ஒரு கணக்கு. சிங்காரம் பார்த்துவிட்டால் சிரிப்பான்.

"நாடி பாக்குறியா?"

"பாக்குறவளுக்குத்தான் தெரியும் பயம். நீங்க படுங்க."

நவம்பரில் மழை பிடித்தது. அந்த வருசம் விட்டுவிட்டுப் பெய்யவில்லை. பிடித்தால் நாள் கணக்கில் பிடித்தது. பெர்த்தாம் பள்ளத்தாக்குத் தோட்டங்களில் முட்டைகோஸ் நின்ற நிலையிலேயே அழுகுவதாகச் சொன்னார்கள். ஜெயாவுக்குச் சளியும் காய்ச்சலும் வந்தது. பிள்ளைகளை விட்டுப் போகிற ஆயாக்கொட்டகையில் காய்ச்சல் பிள்ளையைச் சேர்க்கமாட்டார்கள் என்பதால் ரஞ்சிதம் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தாள்.

பகல். சிங்காரம் போர்வையை இழுத்து மூடித் தூங்கிக்கொண்டிருந்தான். குழந்தை தொட்டிலில் மூச்சு அடைத்துக்கொண்டு கிடந்தது. கூரையில் மழைச் சத்தம். அதற்கு நடுவில் டொக், டொக் என்று ஒரு சத்தம். ரஞ்சிதம் உத்திரத்தைப் பார்த்தாள். உத்திரம் உடைகிறது என்றுதான் முதலில் நினைத்தாள்.  குழந்தையைத் தூக்கிக்கொண்டு குசினி வாசலுக்கு ஓடி, அங்கிருந்து பார்த்தாள். உத்திரத்துக்கு ஒன்றுமில்லை. காற்றில் சைக்கிள் லேசாக ஆடியது. ஆடும்போது மிதி சுவர்ப்பலகையைத் தட்டியது.

மெதுவாகக் கிட்டே போய் விரலை வைத்துப் பார்த்தாள். இரண்டு விரல் போகவில்லை. ஒரு விரல்கூட நெருக்கித்தான் போனது.

எழுந்ததும் சிங்காரத்திடம் சொன்னாள். அவன் முகம் சுருங்கியது. தன் வேலையில் குறை சொல்வதாக எடுத்துக்கொண்டான். "கயிறு ஈரத்துல இழுத்திருக்கும்" என்று கழற்றி, கொக்கிகளைத் திருகிப் பார்த்தான். இறுக்கமாகத்தான் இருந்தன. கயிற்றைச் சரிசெய்து, மிதியைக் கொஞ்சம் திருப்பி வைத்து, பழையபடி இரண்டு விரல் இடைவெளி விட்டு ஏற்றினான்.

"இப்ப சரியா?"

"சரி" என்றாள்.

இரண்டு நாள் கழித்துத் திரும்பவும் தட்டியது.

இந்த முறை அவன் கயிற்றைத் தொடவில்லை. வெகுநேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு தையல் நூலை வாங்கி, அதன் நுனியில் ஒரு இரும்பு நட்டைக் கட்டி, அஞ்சடிக்குப் போனான். கதவுநிலையின் உச்சியில் நூலை வைத்து நட்டைக் கீழே தொங்கவிட்டான். ஆடி நின்றது. மேலே நிலையை ஒட்டியிருந்த நூல், கீழே வாசற்படியில் நிலையை விட்டு நான்கு விரல் தள்ளி நின்றது.

"கயிறு இல்ல புள்ள" என்றான். குரல் இறங்கியிருந்தது. "சைக்கிள் நேராத்தான் தொங்குது. வீடுதான் சாயுது."

ரஞ்சிதம் சுவரைப் பார்த்தாள். பார்த்தால் தெரியவில்லை. கொஞ்ச நாளாகக் கதவைத் தோளால் முட்டித்தான் திறந்தாள். மணியம்மா வீட்டிலும் அப்படித்தான். மழைக்கு மரம் ஊதுகிறது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

இருவரும் குசினி வழியாகப் பின்னால் போனார்கள். சரிவு முன்னால் புடைத்துக்கொண்டு, குசினிப் பலகைகளைத் தொட்டுக்கொண்டு நின்றது. நடக்கிற இடமே இல்லை. அவன் மூடிவைத்த குழியின் மண் கரைந்து ஓடிவிட்டிருந்தது. சாய்த்து வைத்த பலகை இரண்டும் சேற்றில் கிடந்தன. குழிக்குள்ளிருந்து தண்ணீர் சன்னமாக வந்துகொண்டே இருந்தது.

"கிராணிகிட்ட சொல்லணும்" என்றாள்.

அவன் குழியைப் பார்த்துக்கொண்டிருந்தான். "வந்தா மொதல்ல இதைத்தான் பாப்பாரு."

"பாக்கட்டும்."

"புரிஞ்சுதான் பேசுறியா? சரிவத் தோண்டினேன்னு தெரிஞ்சா வேலை போயிடும். வேலை போனா வீடும் போயிடும். கைப்புள்ளைய வச்சிக்கிட்டு எங்க போவ?"

"வீடு நம்ம மேலயே விழுந்தா?"

"விழும்னு யாரு சொன்னது? மழை ரெண்டு நாள்ல விட்டுரும். நான் ராவோட ராவா இதை அடைச்சிடுறேன்."

"உங்க ஒரு வீடா இது? உத்திரம் எல்லார் வீட்டு மேலயும் ஓடுதுல்ல? அந்தக் கண்ணு தெரியாத மனுசன் பக்கத்துலதானே படுத்திருக்காரு?"

அவன் குனிந்தான். மழையில் நனைந்துகொண்டே, கையால் சேற்றை அள்ளிக் குழியில் வைத்து அப்பினான். அப்ப அப்ப வழிந்தது. அதைப் பார்க்க ரஞ்சிதத்துக்குப் பரிதாபமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. உள்ளே போய்க் குழந்தையைக் கம்பளியில் சுற்றி, குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

ஆபீஸ் மேலே, தேயிலைக்கு நடுவில் ஏறிப் போகிற பாதையில் இருந்தது. என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. சைக்கிள் சுவரில் தட்டுகிறது என்று சொன்னால் சிரிப்பார்கள். குழியைப் பற்றிச் சொல்லாவிட்டால் பொய். சொன்னால் தன் வாயாலேயே புருசன் வேலையைப் பறித்த மாதிரி. குழந்தை கம்பளிக்குள் இருமியது. பாதி வழியில் நின்றுவிட்டாள். திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தாள். பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. சிங்காரம். முட்டி வரை சேறு. ஓடி வந்ததில் பேச மூச்சு வரவில்லை.

"நீ பேசாத" என்றான். "நான் சொல்றேன்."

சிவசாமி கிராணி கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். சிங்காரம் வாசலுக்கு வெளியே நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான், குழியை முதலில் வைத்து. "சைக்கிள் வைக்க எடம் வேணும்னு நான்தான்யா பின்னால வெட்டினேன். தண்ணி கசிஞ்சிச்சு, மூடிட்டேன். இப்ப வீடு சாயுது."

கிராணி கண்ணாடியைக் கழற்றினார். கத்தப் போகிறார் என்று ரஞ்சிதம் குழந்தையை இறுக்கிக்கொண்டாள். அவர் கத்தவில்லை. ஆணியில் மாட்டியிருந்த மழைக்கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, குடையையும் எடுத்தார்.

"எவ்வளவு சாய்ஞ்சிருக்கு?"

"நாலு விரல்யா."

"வா, காட்டு."

பின்பக்கம் வந்து பார்த்தவர், குடைக்கம்பியால் சரிவைக் குத்தினார். கம்பி பாதிக்கு மேல் உள்ளே போனது. உடனே மேலே ஏறிப் போய்த் தேயிலைக்குள் இருந்த வடிகாலைப் பார்த்துவிட்டு வந்தார். கவாத்து வெட்டின குச்சிகள் விழுந்து அடைத்து, தண்ணீர் கானில் போகாமல் மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்ததாம். வரும்போது முகம் வெளுத்திருந்தது.

"எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குப் போங்க. இப்பவே. பாய், துணி, புள்ளைங்க. மத்தது அப்புறம்."

லயமே கலைந்தது. சிலர் முணுமுணுத்தார்கள். சிலர் சாமி படத்தை முதலில் எடுத்தார்கள், சிலர் அரிசியை. மணியம்மா, கோழிகளை விட்டு எப்படி வருவது என்று வாசலிலேயே நின்றாள். மாடசாமி அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அவர் அவளுக்கு வழிகாட்டிப் போனதை அன்றைக்குத்தான் எல்லோரும் பார்த்தார்கள்.

கடைசியாக சிங்காரம் சைக்கிளை இறக்கினான். பாதியில் மிதி சன்னல் சட்டத்தில் சிக்கிக்கொண்டது. இழுத்தால் வரவில்லை. குசினிப் பக்கம் பலகை ஒன்று சடசடவென்று விரிந்தது.

"விட்டுட்டு வாங்க!" என்று வெளியிலிருந்து ரஞ்சிதம் கத்தினாள்.

"இது இல்லாம நான் எப்படி வேலைக்குப் போவேன்?"

"உசுரோட இருந்தா நடந்து போங்க!"

அவன் பாராங் கத்தியை எடுத்துக் கயிற்றை வெட்டினான். சைக்கிள் தரையில் விழுந்து ஹேண்டில் வளைந்தது. அப்படியே இழுத்துக்கொண்டு வெளியே வந்தான். ரஞ்சிதம் அவன் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். பிறகு அழுதாள்.

அன்று ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் காலையிலும் இல்லை. மழை வெறித்து, கொஞ்சம் வெயில்கூட வந்தது. பள்ளிக்கூடத்தில் பாய்மேல் உட்கார்ந்திருந்தவர்கள், வீணாக வந்தோமே என்று பேச ஆரம்பித்தார்கள். ஒருத்தி ரஞ்சிதத்துக்குக் கேட்கிற மாதிரியே, "சைக்கிள் ஆடினதுக்கா இம்புட்டு?" என்றாள். ரஞ்சிதம் குழந்தைக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். விழவேண்டும் என்று நினைக்க முடியாது. விழாவிட்டால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றும் தெரியவில்லை.

மத்தியானம் சாப்பிட்டு முடிக்கிற நேரத்தில் தரை வழியாக ஒரு உறுமல் வந்தது. லோரி வருகிறது என்று யாரோ சொன்னார்கள். பிறகு தகரங்கள் மடங்குகிற சத்தம். எல்லோரும் வாசலுக்கு ஓடினார்கள். மரங்களுக்கு மேலே செம்மண் தூசி அல்ல, செம்மண் நீராவி மாதிரி ஒன்று எழும்பி நின்றது.

"மணி எங்க?" என்றார் மாடசாமி. "மணி! மணி!"

மணியம்மா அங்கே இல்லை. கோழிக்குத் தீனி போட்டுவிட்டு வருகிறேன் என்று யாரிடமோ சொல்லிப் போயிருக்கிறாள். மாடசாமி கட்டுப்போட்ட கையை முன்னால் நீட்டிக்கொண்டு படி இறங்கினார். ரஞ்சிதம் ஓடிப்போய் அவரைப் பிடித்துக்கொண்டாள். சிங்காரம் முன்னாலேயே ஓடிவிட்டான்.

அவன் திரும்பி வருவதற்குள் ரஞ்சிதம் தன் ஆயுசில் வேண்டாத சாமியையெல்லாம் வேண்டிக்கொண்டாள். மாடசாமி அவள் தோளை வலிக்கப் பற்றியிருந்தார். "தெரியுதா தங்கச்சி? யாராச்சும் வர்றாங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். தெரியவில்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "வருவாங்கண்ணே" என்றாள்.

வளைவில் இரண்டு பேர் தெரிந்தார்கள். சிங்காரம் ஒரு கையால் மணியம்மாவைத் தாங்கிக்கொண்டு வந்தான். அவள் இடுப்பில் ஒரு பெட்டைக்கோழி இருந்தது. முகமெல்லாம் சேறு.

"கதவு தொறக்கல" என்றாள். அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். "தள்ளித் தள்ளிப் பாத்தேன், கதவு தொறக்கவே இல்ல. தொறந்திருந்தா உள்ள போயிருப்பேன். வெளிய கெடச்ச ஒண்ணத் தூக்கிக்கிட்டுத் திரும்புறேன்…" அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். மாடசாமி அவள் தலையைத் தடவி, காதைத் தடவி, தோளைத் தடவிப் பார்த்தார்.

நடுவில் இருந்த வீடுகளின் குசினிகள் முழுக்க மண்ணுக்குள் போயிருந்தன. முன்னறைகள் குடைபோலச் சாய்ந்து நின்றன. ஆள் ஒருவருக்கும் ஒன்றுமில்லை.

எஸ்டேட் துரை வந்து பார்த்தார். சிங்காரத்தைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். கிராணி பக்கத்தில் நின்று, கான் அடைத்திருந்ததையும் சொன்னார், குழி தோண்டியதையும் சொன்னார், அவனே வந்து சொன்னதையும் சொன்னார். அவனை ஒரு வாரம் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள், இன்னொரு தடவை சரிவைத் தொட்டால் வெளியே என்று எச்சரிக்கை. கானைப் பார்க்க வேண்டிய கங்காணிக்கும் ஏச்சு விழுந்தது. கோயில் பக்கத்துப் பழைய லயத்தில் ஆளுக்கொரு வீடு ஒதுக்கினார்கள். கொழுந்து நிறுக்கிற கொட்டகையின் ஒரு ஓரத்தைத் தடுத்து, சைக்கிள் வைத்திருப்பவர்கள் எல்லோரும் அங்கேயே பூட்டி வைக்கலாம் என்று கிராணி சொன்னார். சிங்காரம் வளைந்த ஹேண்டிலை நிமிர்த்தி, வண்டியை அங்கே கொண்டுபோய் நிறுத்தினான்.

ஆனால் குழிதான் காரணமா, கான்தான் காரணமா என்று யாரும் முடிவாகச் சொல்லவில்லை. வேலை இல்லாத அந்த வாரம் முழுக்க சிங்காரம் சரியாகச் சாப்பிடவில்லை. கேட்டால், "அந்தக் கதவு மட்டும் தொறந்திருந்தா" என்பான். அதற்கு மேல் போகமாட்டான்.

புது வீட்டுக் குழாயடியில் ஒருநாள் ரஞ்சிதமும் மணியம்மாவும் தனியாக நின்றார்கள். மணியம்மாவே பேச்சை எடுத்தாள்.

"உம்புருசன் தோண்டினதாலதான் மலை வந்துச்சுன்னு எல்லாரும் பேசிக்கிறாங்க."

ரஞ்சிதம் குடத்தைக் கீழே வைத்தாள். இல்லை என்று சொல்லிவிடலாம். கான் அடைத்ததைச் சொல்லலாம்.

"இருக்கலாம்க்கா" என்றாள். "எங்களுக்கும் தெரியல. அவரு தூங்கி எத்தன நாளாச்சு தெரியுமா?"

மணியம்மா குடம் நிறைவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வழிந்த பிறகுதான் குழாயை மூடினாள்.

"ராத்திரிக்கு அந்தாள எங்க வீட்டுல வந்து சாப்பிடச் சொல்லு" என்றாள். "கோழி அடிச்சிருக்கேன். எங்க வீட்டுக்காரரு பேச ஆளில்லாம ஒக்காந்திருக்காரு."

குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். ரஞ்சிதம் அதைச் சொன்னபோது சிங்காரம் முதலில் போகமாட்டேன் என்றான். இருட்டுகிற நேரத்துக்கு எழுந்து முகம் கழுவி, வேறு சட்டை போட்டுக்கொண்டு போனான்.